லூபஸ் சிறுநீரக நோய்க்கு கார்-டி செல் சிகிச்சை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கைக்கு லூபஸ் நெஃப்ரைட்டிஸ், அதாவது உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். பயாப்சியில் நான்காம் வகுப்பு (தீவிரமான வகை) என்று வந்தது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு எல்லாம் வேளை தவறாமல் எடுத்துக்கொள்கிறாள். ஆனாலும் சிறுநீரில் புரதம் குறையவில்லை. காலையில் நுரை அப்படியே இருக்கிறது. ஸ்டீராய்டால் முகம் உப்பி, கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளுடைய மருத்துவர் கார்-டி செல் ஆய்வுகளைப் பற்றிச் சொன்னார். நோயாளியின் சொந்த டி செல்களையே (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) எடுத்து, லூபஸுக்குக் காரணமான எதிர்ப்பொருட்களை உருவாக்கும் பி செல்களைத் தேடி அழிக்கும்படி மாற்றி, திரும்ப உடலில் ஏற்றுகிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட முடிவுகளில், லூபஸ் நோயாளிகள் ஐந்து பேருக்கும் நோய் அடங்கி, மருந்துகளையும் நிறுத்த முடிந்திருக்கிறது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், தெரியும். இருந்தாலும் மனசு அங்கேயே போகிறது.

இப்படிப்பட்ட ஆய்வில் சேர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: சேர்ப்பதற்கு முன் சிறுநீரகம் எந்த அளவு வேலை செய்ய வேண்டும் என்று கேட்டார்கள்? பி செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப், பெலிமுமாப் போன்ற மருந்துகளை முதலில் முயன்றிருக்க வேண்டுமா? செல்களை ஏற்றுவதற்கு முன் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து கொடுப்பார்களாம். அது கருமுட்டைகளைப் பாதிக்கக்கூடியது. அவளுக்குக் குழந்தை ஆசை உண்டு, அதனால் கருமுட்டைகளை முன்பே உறையவைத்தவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அப்புறம், காய்ச்சலும் தொற்றும் எத்தனை நாள் படுத்தின? பலன் கிடைக்காதவர்களும் தயங்காமல் சொல்லுங்கள்.