அறுவை அரங்கச் செவிலியரின் இடுப்புவலி: குறை குனியும் முறையிலா, வேலையின் அமைப்பிலா?

அரங்கச் செவிலியர்:

14 ஆண்டுகளாக ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். முழங்காலை மடக்க வேண்டும், முதுகை நேராக வைக்க வேண்டும், சுமையை உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும் என்று சொன்னார்கள். மறுநாள் காலையில் முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்காக ஒரு நோயாளியின் காலைத் தூக்கிப் பிடித்து நின்றேன். தொடையிலிருந்து பாதம் வரை மருந்து பூசி முடியும்வரை குதிகாலைத் தாங்கிக் கையை நீட்டியபடியே நிற்க வேண்டும். பூசிய இடத்தில் என் உடை பட்டுவிடக் கூடாது என்பதால் நெருங்கியும் நிற்க முடியாது. ஒருவரின் ஒரு கால் அவர் உடல் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 12 கிலோவைத் தாண்டும். அதில் ஒரு பகுதியை அவருடைய இடுப்பு மூட்டே தாங்கினாலும், மீதியை நீட்டிய கை தாங்குகிறது. முந்தின நாள் படித்த பாடத்தில் எதை நான் அங்கே கடைப்பிடித்திருக்க முடியும்?

எங்கள் வலிக்கு நாங்கள் குனியும் முறையைக் காரணமாகச் சொல்வதை நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து. வலியை உண்டாக்குவது வேலை அமைக்கப்பட்டிருக்கும் விதம்.

மேற்பார்வையாளர்:

சிஸ்டர், உங்கள் வலியை நான் மறுக்கவில்லை. நானும் அதே மேசைக்கு அருகில் பல ஆண்டுகள் நின்றவள்தான், என் வலது தோள்பட்டை இன்றும் முழுதாக உயராது. ஆனால் எல்லாப் பொறுப்பையும் அமைப்பின் மீது போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நோயாளியை மேசையிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற ஸ்லைடு ஷீட், அதாவது நோயாளியின் அடியில் விரித்து நகர்த்தும் வழுக்கு விரிப்பு, வாங்கி வைத்தோம். எட்டு மாதம் கழித்து அலமாரியைத் திறந்தபோது இரண்டு ஷீட்கள் வாங்கி வந்த மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தன. அதுவரை எல்லோரும் படுக்கை விரிப்பையே பிடித்து இழுத்திருக்கிறார்கள். கருவித் தட்டுகளும் அப்படித்தான். ஒரு தட்டு 25 பவுண்டை, அதாவது சுமார் 11.3 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கத் தரநிலை. எங்கள் ட்ரேக்களை அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுத்தோம். நடை மிச்சமாகும் என்று இரண்டை அடுக்கித் தூக்கி வருகிறார்கள். இதை மாற்றப் பழக்கம் வேண்டும், பழக்கத்துக்குப் பயிற்சி வேண்டும்.

இயன்முறை மருத்துவர்:

இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது என்றாலும், அளந்து பார்த்தவர்கள் சொல்வதை இங்கே வைக்க வேண்டும். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், தன்னார்வலர் ஒருவரின் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுக்குள் (டிஸ்க்) அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார்கள். நிமிர்ந்து நிற்கையில் அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. ஆகவே தூக்கும் முறையால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே ஆய்வில் கையில் எந்தச் சுமையும் இல்லாமல் வெறுமனே முன்னால் குனிந்து நின்றபோதே 1.1, அதாவது நிமிர்ந்து நிற்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மேசையருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் மணிக்கணக்கில் இருக்கும் நிலை ஏறத்தாழ இதுதான். கிருமி படக் கூடாது என்பதால் கைகளை இடுப்புக்குக் கீழே தொங்கவிட முடியாது. காயத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிச் சாய்ந்தே நிற்க வேண்டும். அசையாமல் இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது, கழிவுகள் தங்குகின்றன. எதையும் தூக்காமலே கழுத்தும் தோளும் கெட்டுப்போவது இதனால்தான். இந்த நிலைக்கு எந்தத் தூக்கும் முறையும் மருந்தாகாது.

மேற்பார்வையாளர் மேடம் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சுமை தூக்கும் முறையைக் கற்பிப்பது முதுகுவலியைத் தடுக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்று 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு முடிவு சொல்லியது. சிஸ்டருக்கும் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். தூக்கும் கருவியைச் சேர்த்துக் கொடுத்த பயிற்சிகளுக்கும் அதே முடிவைத்தான் அந்த ஆய்வு சொல்லியது.

அறுவை மருத்துவர்:

நான் மேசையின் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். மேசையின் உயரத்தை என் முழங்கைக்கு ஏற்ப வைக்கிறேன், ஏனென்றால் கத்தி என் கையில் இருக்கிறது. அதை மாற்ற முடியாது. நீண்ட அறுவையில் நடுவே செவிலியரை மாற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பஞ்சும் ஊசியும் எண்ணப்படும் இடத்தில் ஆள் மாறினால் கணக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. வயிற்றுக்குள் ஒரு பஞ்சு தங்கினால் அதற்கு விலை கொடுப்பவர் மயக்கத்தில் கிடக்கும் நோயாளி. செவிலியரின் நலனுக்காக நோயாளியின் பாதுகாப்பில் கை வைக்கும் எந்த யோசனையையும் நான் எதிர்ப்பேன்.

அரங்கச் செவிலியர்:

டாக்டர், பஞ்சுக் கணக்கைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், எண்ணுவதும் நாங்கள்தானே. நடுவில் ஆளை மாற்றும்படி நான் கேட்கவில்லை. 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றரை, இரண்டு நிமிடம் கழுத்தையும் தோளையும் அசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்களுக்கு வலி குறைந்தது, அறுவையின் நேரம் குறிப்பிடும்படி நீளவில்லை என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் அறுவை மருத்துவர்கள். நீங்கள் இரண்டு நிமிடம் நிறுத்தினால் உங்கள் எதிரில் ரிட்ராக்டரை, அதாவது காயத்தை விரித்து வைக்கும் கருவியைப் பிடித்திருப்பவருக்கும் அது கிடைக்கும்; நாங்களாக நிறுத்த முடியாது. மேசையின் உயரம் உங்களுக்கு ஏற்றபடியே இருக்கட்டும். என் உயரத்துக்கு ஒரு படிமேடை போதும், ஆனால் இரண்டு பாதமும் ஊன்றி, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றும் அளவுக்கு அது அகலமாக இருக்க வேண்டும். இப்போது இருப்பதில் குதிகால் வெளியே தொங்குகிறது, நான்கு மணி நேரமும் விரல்களை ஊன்றியே நிற்கிறேன்.

மேடம், மடிப்புக் கலையாத அந்த ஷீட்டைப் பற்றிப் பேசுவோம். அது நடைபாதையின் கோடியில் இருக்கும் அலமாரியில் இருக்கிறது. சாவி அன்றைய பொறுப்புச் செவிலியரின் பையில் இருக்கிறது. நோயாளி மயக்கம் தெளிந்து இருமத் தொடங்கும்போது, மயக்க மருத்துவர் தலையைப் பிடித்துக்கொண்டு "மாத்துங்க, மாத்துங்க" என்கிறார். அந்த நேரத்தில் யார் சாவி தேடிப் போவார்கள்? கையில் கிடைப்பது படுக்கை விரிப்புதான். இயன்முறை மருத்துவர் சொன்ன ஆய்வையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கருவியையும் அறிவுரையையும் கொடுத்துவிட்டு, ஆளையும் நேரத்தையும் இடத்தையும் பழையபடியே விட்டால் வலி ஏன் குறையும்?

மேற்பார்வையாளர்:

சாவியைப் பற்றி நான் யோசிக்கவில்லை, அது என் தவறு. ஷீட் காணாமல் போய்விடக் கூடாது என்று பூட்டி வைக்கச் சொன்னவளே நான்தான். ஆனாலும் ஒன்றில் நான் மாறவில்லை. வலி வந்தால் பதிவேட்டில் எழுதுங்கள் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்கிறேன், ஒருவரும் எழுதுவதில்லை. ஏடு வெறுமையாக இருக்கும்போது இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் நான் எதைக் காட்டிக் கேட்பது?

அரங்கச் செவிலியர்:

எழுதியவருக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம், மேடம். எங்களில் ஒருவர் எழுதினார். மறு மாதமே வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றினார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததாகவே இருக்கலாம். ஆனால் பத்து ஆண்டுகள் கற்ற அரங்க வேலை அவர் கையை விட்டுப் போயிற்று, அதன் பிறகு ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. எழுதினால் வேலையை மாற்றுவோம், ஆளை மாற்ற மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள், ஏடு நிரம்பும்.

மேற்பார்வையாளர்:

அதை என் கையொப்பத்தோடு கொடுக்க முடியும், கொடுக்கிறேன். ஷீட்டும் திங்கள்கிழமை முதல் ஒவ்வொரு மேசைக்குப் பக்கத்துச் சுவரிலும் தொங்கும், பூட்டு இருக்காது. மூன்று மாதம் கழித்து நானே போய்ப் பார்ப்பேன். அப்போதும் மடிப்புக் கலையாமல் இருந்தால் இங்கே வந்து சொல்வேன், அன்றைக்கு நீங்கள் பழக்கமும் ஒரு காரணம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரங்கச் செவிலியர்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்க அறுவை அரங்கச் செவிலியர் சங்கத்தின் 2007 வழிகாட்டுதல், ஷீட் இருந்தாலும் படுத்த நிலையில் நோயாளியை மாற்ற 4 பேர் வேண்டும் என்கிறது. மூன்று மாதக் கணக்கில், ஒவ்வொரு முறையும் மேசையைச் சுற்றி எத்தனை பேர் நின்றோம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இரண்டே பேர் இருந்த இரவுகளை எங்கள் பழக்கத்தின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.