மறு: சக்கரத்தோடு குதிக்கும் எடைக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

பத்து நாள் மௌனத்துக்கு மன்னிக்கவும். காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். இங்கே டொராண்டோவில் குளிர்காலத்தில் சாலைக்குக் கொட்டிய உப்பை வசந்தகால மழை கழுவிய பிறகுதான் என் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வரும். 1992ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எனக்கு முன் வைத்திருந்தவர் அதில் 17 அங்குலச் சக்கரமும் நாடா போன்ற டயரும் மாட்டி, வண்டியைத் தரையோடு ஒட்டத் தாழ்த்தியிருந்தார். அவர் செய்ததையெல்லாம் அவிழ்ப்பது பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்து, இரண்டாவது பத்தியிலேயே முட்டிக்கொண்டு நின்றதால்தான் இங்கே கேட்டேன்: 'அன்ஸ்பிரங் வெயிட்' என்பதற்கு என்ன சொல்லலாம்?

புதிதாக வந்தவர்களுக்காகப் பொருளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காரின் கூடு, எஞ்சின், ஓட்டுபவர் எல்லாம் வில்லின், அதாவது ஸ்பிரிங்கின், மேல் உட்கார்ந்திருக்கின்றன. டயர், சக்கரம், அதன் நடுவிலுள்ள குடம் (ஹப்), பிரேக் வட்டு, அதைக் கவ்வும் கேலிப்பர் ஆகியவை வில்லுக்கு இந்தப் பக்கம், சாலையோடு சேர்ந்து குதிக்கின்றன. இந்த இரண்டாவது கூட்டத்தின் எடைக்குத்தான் பெயர் வேண்டும். பழைய விளையாட்டுக் காருக்கு எந்தச் சக்கரம், எந்த டயர் என்ற கேள்வியில் பாதி இந்த ஒரு எடையில் அடங்கிவிடுகிறது.

வந்தவற்றைப் பார்ப்போம்.

> இடைநீக்கப்படாத நிறை

சென்னைத் தம்பி இதை இயந்திர மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து வேடிக்கைக்காகப் போட்டார் என்று தெரியும். ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கார் விற்கும் இணையதளங்களில் இது வேடிக்கையாக வரவில்லை. காரில் சஸ்பென்ஷன் என்பது வில்லும் அதன் கூட்டமும்; இடைநீக்கம் என்பது லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட அதிகாரிக்கு நடப்பது. 'இந்தக் காரின் இடைநீக்கம் மிக மென்மையானது' என்று படிக்கும்போது, பாதிச் சம்பளத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு கார்தான் எனக்குத் தோன்றுகிறது.

> வில்லற்ற எடை

வில் இருக்கிறது, ஐயா. சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு கையின் தடிமனுக்கு நிற்கிறது. அது இல்லாத வண்டியில் இந்தப் பேச்சே எழாது.

> தாங்காப் பொருண்மை

ஓசை அழகாக இருக்கிறது, பொருள் தலைகீழ். அனைத்தையும் தாங்குவதே டயர்தான். அதைப் போய்த் தாங்காதது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும்.

இந்த மூன்றிலும் ஒரே கோளாறு. ஆங்கிலச் சொல்லில் முன்னால் நிற்கும் 'அன்' என்ற மறுப்பை நாமும் பிடித்துக்கொண்டு, எது இல்லை, எது ஆகவில்லை என்று தேடுகிறோம். என் கார் பிறந்த நாட்டில் அப்படித் தேடவில்லை. ஜப்பானியர் இதைப் 'பனேஷித்தா ஜூரியோ' என்கிறார்கள். பனே என்றால் வில், ஷித்தா என்றால் கீழே, ஜூரியோ எடை. வில்லுக்குக் கீழுள்ள எடை, அவ்வளவுதான். மற்றது வில்லுக்கு மேலுள்ளது. மெக்கானிக்கும் கேட்டவுடன் கை நீட்டிக் காட்டிவிடலாம். நாமும் மறுப்பை விட்டுவிட்டு இடத்தைச் சொல்லிவிடுவோம் என்பதுதான் என் கட்சி.

வில்லா, சுருள்வில்லா என்று ஒரு கேள்வி வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் சுருள்வில் என்கிறது. ஆனால் அம்பாசிடரின் பின்பக்கம் தகடுகளை அடுக்கிய வில், முன்பக்கம் முறுக்கிக்கொடுக்கும் கம்பி. இரண்டுமே சுருளவில்லை. இலங்கையில் ஸ்பிரிங் தராசை 'விற்றராசு' என்று எழுதிப் பழகிவிட்டார்கள். நம் ஊரில் வில்வண்டி என்ற சொல் காருக்கு முந்தியது. வில் போதும்.

நிறையா, எடையா என்பது இதைவிடச் சிக்கல். யாழ்ப்பாணத்து ஐயா சொன்னது முழுக்க உண்மை: தமிழ்நாட்டு மாணவனுக்கு நிறை என்பது கிலோகிராமில் அளப்பது, எடை என்பது புவி இழுக்கும் விசை. இலங்கை மாணவனுக்கு முன்னது திணிவு, பின்னதுதான் நிறை. ஒரே சொல் பாக்கு நீரிணையைத் தாண்டியதும் வேறு பொருளாகிவிடுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறுபக்கம் தவறாகப் படிக்கும். ஆகவே இரு கரையிலும் ஒன்றாகப் புரிகிற 'பாரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இயற்பியல் தேர்வு எழுதுகிறவர்கள் அவரவர் பாடநூற்சொல்லை வைத்துக்கொள்ளட்டும்.

ஆக, நான் முதலில் வைத்தது 'வில்லடிப் பாரம்'. அதற்கு நாகர்கோவில் அக்கா எழுதிய ஒரு வரிப் பதில்:

> எங்கள் ஊரில் வில்லடி என்றால் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு. பாரம் யார் தலையில்?

தோற்றேன். வீசுகோலும் குடமும் உடுக்கையும் கண்முன் வந்த பிறகு அந்தச் சொல்லை வைத்துக் காரைப் பற்றி எழுத முடியாது. இதில் குடம் இரண்டு இடத்திலும் இருக்கிறது என்பதும் சேர்ந்துகொண்டது.

'வில்கீழ்' என்று எழுதலாமே என்றேன். புணர்ச்சி தெரிந்தவர்கள் உடனே 'விற்கீழ்' என்று திருத்தினார்கள். படிக்கிறவருக்கு ஏதோ குறைந்த விலைக்கு விற்கிற செய்தி போலத் தோன்றும். அதன் இணையான வில்மேல் 'வின்மேல்' ஆகிவிடும், உச்சரித்தால் ஆகாயத்துக்குப் போய்விடும். இலக்கணப்படி சரி, காதுக்கு ஆகாது.

விடை எனக்குக் கொட்டகையில்தான் கிடைத்தது. பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த ஜாக்கியை எங்கே வைப்பது என்று யோசித்தபோது, வண்டிக்காரர்கள் சொல்லும் முன்பாரமும் பின்பாரமும் நினைவுக்கு வந்தன. நெல்மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம், மாட்டின் கழுத்து அமுங்கும். பின்னால் தள்ளினால் பின்பாரம், நுகத்தடி மேலே எழும்பும். பாரத்தின் முன்னால் இடத்தை வைத்துச் சொல்லாக்கும் வழக்கம் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அந்த வரிசையில் கீழ்ப்பாரம், மேற்பாரம் என்று இரண்டைச் சேர்த்தால் என்ன? ஒரு கட்டுரையில் முதல்முறை வரும்போது 'வில்லின்கீழ்ப் பாரம்' என்று முழுதாக எழுதிவிட்டுப் பிறகு கீழ்ப்பாரம் என்று சுருக்கலாம். இல்லாவிட்டால் எஞ்சினைத் தாழ்வாக வைத்த கார் என்று யாராவது புரிந்துகொள்வார்கள். அந்த ஆபத்து இருக்கிறது, மறைக்கவில்லை.

சொல்லை வேலைவாங்கிப் பார்க்காமல் ஏற்கக்கூடாது என்பது இந்தக் குழுவின் வழக்கம். என் காரிலேயே வேலைவாங்கினேன்.

குளியலறைத் தராசைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். வீட்டில் இதற்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. டயரோடு கூடிய 17 அங்குலச் சக்கரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தராசில் ஏறி, என் எடையைக் கழித்தேன். 19 கிலோ. மூலையில் கிடந்த பழைய 14 அங்குலச் சக்கரம் டயரோடு 13 கிலோ. ஒரு மூலைக்கு 6 கிலோ கீழ்ப்பாரம் கூடியிருக்கிறது. பெரிய காரில் இது தெரியாமல் போகலாம். இவ்வளவு இலேசான காரில், மேற்பாரம் குறைவாக இருக்கும் இடத்தில், தெரியாமல் போகாது. குழியின் விளிம்பில் ஏறிய சக்கரம் மேலே எறியப்படுகிறது. கனமான சக்கரம் கூட்டைப் பலமாக இடிக்கிறது, திரும்பித் தரையைத் தொடவும் நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் டயருக்குப் பிடிப்பு இல்லை. வளைவின் நடுவில் ஒட்டுப்போட்ட தார் வந்தால் என் கார் ஒரு சாண் வெளிப்பக்கம் தள்ளியது இதனால்தான்.

அளவுகளையும் பாருங்கள் (முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது பக்கச்சுவர் அதில் எத்தனை சதவீதம், கடைசி சக்கரத்தின் விட்டம் அங்குலத்தில்). தொழிற்சாலை கொடுத்த டயர் 185/60 ஆர்14, விட்டம் 578 மில்லிமீட்டர், பக்கச்சுவர் 111. முந்தியவர் மாட்டியது 205/40 ஆர்17, விட்டம் 596, பக்கச்சுவர் 82. பக்கச்சுவரும் ஒரு வில்தான் என்பதை மறந்தால் முதுகெலும்பு ஞாபகப்படுத்தும். மறுபடி 14க்கே போயிருப்பேன். ஆனால் அந்த அளவில் நல்ல கோடைக்கால டயர் அரிதாகிவிட்டது. ஆகவே 15 அங்குலம், 7 அங்குல அகலம், டயர் 195/50 ஆர்15. விட்டம் 576, பழையதிலிருந்து 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், வேகமானியும் பொய் சொல்லாது. தராசில் 14 கிலோ. விலை குறைந்த சக்கரமும் பார்த்தேன், அதே அளவில் இரண்டு கிலோ கூடுதல். பளபளப்புக்கு மயங்காமல் 'கீழ்ப்பாரம் எவ்வளவு?' என்று கடைக்காரரிடம் கேட்க முடிந்தால் சொல் பிழைத்துவிட்டது என்று பொருள். நான் ஆங்கிலத்தில்தான் கேட்டேன், அது வேறு கதை.

இடையில் ஒன்று: கழற்றிய பழைய டயர்களில் ரப்பர் தேயாமல் தடித்துத்தான் இருந்தது, ஆனால் வயதாகியிருந்தது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள், 1109. அதாவது 2009இன் 11ஆவது வாரத்தில் செய்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் பள்ளத்தின் ஆழத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த நான்கு எண்களைப் பாருங்கள்.

அடுத்து, தாழ்த்திய வில். முந்தியவர் குட்டையான வில்லைப் போட்டுவிட்டு, பழைய அலைவுத்தணிப்பான்களை, அதாவது ஷாக் அப்சார்பர்களை, அப்படியே விட்டிருந்தார். (அதிர்ச்சி உறிஞ்சி என்று எழுதாதீர்கள். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். வில் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் மற்றதன் வேலை.) இந்தத் தலைமுறை மியாட்டாவில் சக்கரம் மேலேறக் கிடைக்கும் தூரமே குறைவு. தாழ்த்தியதால் ஒவ்வொரு வேகத்தடையிலும் முட்டு ரப்பரில் போய் இடித்தது. அவிழ்த்துப் பார்த்தபோது பின்பக்கத்து ரப்பர் இரண்டும் கையில் பொடியாக உதிர்ந்தன. முட்டில் உட்கார்ந்துவிட்ட கணத்தில் வில் இருந்தும் பயனில்லை, மேற்பாரம் கீழ்ப்பாரம் என்ற பிரிவே போய்விடுகிறது. வில்வண்டிக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கட்டைவண்டியில் போவதுபோல. பழைய உயரத்துக்கே வில்லை மாற்றி, பில்ஸ்டைன் நிறுவனத்தின் தணிப்பான்கள் போட்டேன். 1994இல் அமெரிக்காவுக்கு வந்த 'ஆர்' வகை மியாட்டாவில் தொழிற்சாலையே அதைத்தான் பொருத்தியது என்பதால் அதிகம் யோசிக்கவில்லை.

புஷ் பற்றிச் சொல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பணிமனையில் சக்கரத்தைக் கூட்டோடு இணைக்கும் தாங்குகைகளின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ்களை மாற்றக் கொடுத்தேன். வண்டியை மேடையில் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிய நிலையிலேயே போல்ட்டுகளை இறுக்கிவிட்டார்கள். இந்த ரப்பர் உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டிப் பிறந்தது, சுழலாது, முறுக்கிக்கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் முறுக்கிலேயே இருக்கும். ஒரே கோடையில் கிழிந்தன. இம்முறை நானே சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, முழுப் பாரமும் இறங்கிய பிறகு படுத்துக்கொண்டு இறுக்கினேன். சக்கரக் கோணம் திருத்தும் மையம்விலகிய போல்ட்டு ஒன்று உப்பில் துருப்பிடித்து அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. பத்து நாளில் மூன்று நாள் அதற்கே போனது.

இனி எதிர்வாதங்கள். சிங்கப்பூர் நண்பர் கேட்டார்:

> தாங்குகை, வில், தணிப்பான் இவையெல்லாம் எந்தப் பாரம்? ஒரு முனை சக்கரத்தோடு ஆடுகிறது, மறுமுனை கூட்டோடு நிற்கிறது.

வழக்கமான கணக்கில் இவற்றைப் பாதிப்பாதி என்று வைத்துக்கொள்வார்கள். வில்லின் பாதியே வில்லின்கீழ் என்பது விசித்திரம்தான், ஆனால் எந்த மொழியிலும் இதே விசித்திரம் இருக்கிறது. சொல்லின் குற்றம் இல்லை. 'கீழ்' என்பதை உயரமாகக் கொள்ளாமல், பாரம் இறங்கிவரும் வழியில் வில்லுக்குப் பிந்தியது என்று கொள்ளுங்கள். முறுக்குக்கம்பி படுத்துக்கிடக்கும் வண்டிகளிலும் அப்போது பொருந்தும்.

வேறு வண்டிகளிலும் சோதித்துவிட்டேன். அம்பாசிடரில் பின் அச்சும் அதன் நடுவில் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலும் முழுக்கக் கீழ்ப்பாரம். மியாட்டாவில் டிஃபரன்ஷியல் கூட்டோடு சேர்ந்திருப்பதால் மேற்பாரம். ஜாகுவார் ஈ-டைப்பில் பின் பிரேக் வட்டுகளைச் சக்கரத்திலிருந்து கழற்றி டிஃபரன்ஷியல் ஓரத்தில் வைத்தார்கள், கீழ்ப்பாரம் மேற்பாரமானது. சக்கரக் குடத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின்ஸ்கூட்டரில் மேற்பாரம் கீழ்ப்பாரமாகிறது. வாக்கியங்கள் நொண்டவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் காதுக்கும் கேட்டுச் சொல்லுங்கள். மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அடுத்த தலைவலியையும் இப்போதே வைக்கிறேன்: 'ஆஃப்செட்'. சக்கரம் குடத்தில் பொருந்தும் முகத்துக்கும் சக்கர அகலத்தின் நடுத்தளத்துக்கும் உள்ள தூரம். என் காருக்குத் தொழிற்சாலை கொடுத்தது கூட்டல் 45 மில்லிமீட்டர். அச்சகத்தார் ஏற்கெனவே ஆஃப்செட்டை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'விலக்கம்' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், நாம் இப்போதுதான் இடைநீக்கத்திலிருந்து தப்பித்திருக்கிறோம்.

அன்புடன்.