ஏஏயூஏஏஏ பல இடங்களில் இருந்தும் வால் அங்கெல்லாம் உருவாகாதது ஏன்?

குடந்தை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். தூது ஆர்.என்.ஏ.வின் வாலைப் பற்றி ஓர் உரை நிகழ்த்த இருக்கிறேன். மரபணுவின் செய்தியைப் புரதம் செய்யக் கொண்டுசெல்லும், ஏ, யூ, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளாலான இழையே தூது ஆர்.என்.ஏ. பாலூட்டிகளின் தூது ஆர்.என்.ஏ.வில் ஏஏயூஏஏஏ என்ற ஆறெழுத்துத் தொடர் வந்தால், அதிலிருந்து 10 முதல் 30 எழுத்துகள் தள்ளி இழை வெட்டுப்பட்டு, வெட்டிய முனையில் ஏறத்தாழ 200 அடினின்கள் (ஏ எழுத்துகள்) வாலாகச் சேர்கின்றன என்று பாடநூலில் இருக்கிறது. ஆனால் எந்த ஆறெழுத்துத் தொடரும் சராசரியாக 4,096 எழுத்துகளுக்கு ஒரு முறை தற்செயலாகவே வந்துவிடுமே. தசைப் புரதமான டிஸ்ட்ரோஃபினின் மரபணு ஏறத்தாழ 22 லட்சம் எழுத்து நீளமுள்ளது. கணக்குப்படி அதில் ஐந்நூறு இடங்களுக்கு மேல் இத்தொடர் இருக்க வேண்டும். அங்கெல்லாம் வெட்டு விழாமல் இழை கடைசிவரை எப்படிப் போய்ச் சேருகிறது?

மன்னார்குடி ஆசிரியர்:

நல்ல கேள்வி அம்மா. பாடநூல் அந்த ஆறெழுத்தோடு நின்றுவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. 1976-இல் புரவுட்ஃபுட், பிரவுன்லீ இருவரும் சில தூது ஆர்.என்.ஏ.க்களின் முனைகளை ஒப்பிட்டு இத்தொடரைக் கண்டறிந்தார்கள். அது தேவையான அடையாளம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மட்டும் போதாது.

வெட்டுமிடத்தைத் தாண்டி, பெரும்பாலும் 40 எழுத்துகளுக்குள், யூ மிகுந்த அல்லது ஜியும் யூவும் மிகுந்த பகுதி ஒன்று இருக்க வேண்டும். வெட்டுமிடத்துக்கு 40 முதல் 100 எழுத்துகள் முன்னால் யூஜியூஏ என்ற தொடர் வருவதும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புரதக் கூட்டம் இருக்கிறது. ஆறெழுத்தைச் சி.பி.எஸ்.எஃப். கூட்டமும், பின்னால் உள்ள பகுதியைச் சி.எஸ்.டி.எஃப். கூட்டத்தின் 64 என்ற உறுப்பும், யூஜியூஏவைச் சி.எஃப்.ஐ.எம். கூட்டமும் பற்றுகின்றன. தனியாகப் பற்றும்போது இவற்றின் பிடி உறுதியாக இருப்பதில்லை, சி.பி.எஸ்.எஃப்., சி.எஸ்.டி.எஃப். இரண்டும் அருகருகே அமைந்து ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்போதுதான் பிடி நிலைக்கிறது. தற்செயலாக வந்த ஆறெழுத்துக்குப் பின்னால் பொருத்தமான பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், உங்கள் ஐந்நூறு இடங்களில் மிகப் பலவும் இந்தப் படியிலேயே கழிந்துவிடும்.

மீதமுள்ளவற்றுக்கு இன்னொரு காவல் இருக்கிறது. ஸ்ப்ளைசிங்கில், அதாவது இன்ட்ரான் எனப்படும் இடைப்பகுதிகளை இழையிலிருந்து நீக்கி மற்றவற்றை ஒட்டும் வேலையில், பங்கேற்கும் யூ1 துகள் உயிரணுவின் கருவுக்குள் மிகுதியாக இருக்கிறது. அது இன்ட்ரான்களில் ஆங்காங்கே இழையோடு இணைந்து, அருகிலுள்ள பொய்யான வெட்டுமிடங்களை அடக்கி வைக்கிறது. யூ1-ஐத் தடுத்தால் ஏராளமான மரபணுக்களின் இழைகள் இன்ட்ரானுக்குள்ளேயே வெட்டுப்பட்டு வால் பெற்றுவிடுகின்றன என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் கேள்விக்கு நேரான விடை இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

உரையில் ஒரு விவரத்தைக் கவனமாகச் சொல்லுங்கள். ஆறெழுத்தை இனங்காண்பது சி.பி.எஸ்.எஃப். கூட்டத்தின் சி.பி.எஸ்.எஃப்.160 என்ற புரதம் என்று பழைய நூல்களில் இருக்கும். அதே கூட்டத்தின் டபிள்யூ.டி.ஆர்.33, சி.பி.எஸ்.எஃப்.30 ஆகிய இரண்டு புரதங்களுமே அதை நேரடியாகப் பற்றுகின்றன என்பது 2014-இல் தெளிவாகிவிட்டது. இழையை வெட்டுவது சி.பி.எஸ்.எஃப்.73.

தஞ்சை ஆய்வகர்:

ஆசிரியர் ஐயா கூறியதோடு நோய்ச் சான்றுகள் இரண்டைச் சேர்க்க விரும்புகிறேன். ஆல்ஃபா-2 குளோபின் மரபணுவில் அந்த ஆறெழுத்தின் கடைசி ஏ மட்டும் ஜியாக மாறியதால் ஆல்ஃபா தலசீமியா என்ற ரத்தசோகை நோய் உண்டாவது 1983-இல் அறியப்பட்டது. மாறாக, ரத்தம் உறைய உதவும் புரதமான புரோத்ராம்பினின் மரபணுவில் 20210-ஆவது இடத்தில், அதாவது வெட்டு விழும் எழுத்திலேயே, ஜி ஏயாக மாறினால் வெட்டு முன்னைவிடச் செம்மையாக நடக்கிறது, தூது ஆர்.என்.ஏ.வும் புரதமும் கூடி, சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகரிக்கிறது. சி என்ற எழுத்துக்குப் பிறகு வரும் ஏயில் வெட்டு விழுவதே இயல்பாக விரும்பப்படும் அமைப்பு என்பதை இந்த மாற்றம் விளக்குகிறது. ஓரெழுத்து மாற்றத்தால் ஓரிடத்தில் வால் குன்றுவதும் மற்றோரிடத்தில் மிகுவதும் உங்கள் உரைக்கு மிகவும் பொருந்தும்.

ஆடுதுறை நெல்:

நான் நெல் மரபணுக்களோடு வேலை செய்பவன். பாலூட்டிகளில் பெரும்பாலான மரபணுக்கள் ஏஏயூஏஏஏவையோ அதற்கு நெருங்கிய ஏயூயூஏஏஏவையோ கொண்டிருக்கின்றன. நெல்லில் துல்லியமான அந்த ஆறெழுத்து சிறுபான்மை மரபணுக்களில்தான் உண்டு. மற்றவற்றில் ஏ மிகுந்த தளர்வான தொடர்களே அந்த வேலையைச் செய்கின்றன. எனவே பயிர்களின் மரபணு வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு பாலூட்டிகளின் விதியைத் தேட வேண்டாம்.

குடந்தை மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களின் தூது ஆர்.என்.ஏ.வுக்கு வாலே இல்லை என்கிறார்களே, அங்கும் இதே புரதங்கள்தானா?

மன்னார்குடி ஆசிரியர்:

டி.என்.ஏ. இரட்டிக்கும்போது உருவாகும் ஹிஸ்டோன்களுக்கு மட்டும் அது பொருந்தும். அங்கே அடையாளம் வேறு: இழை தன்மேல் மடிந்து உருவாகும் தண்டு-வளைய அமைப்பை எஸ்.எல்.பி.பி. புரதம் பற்றுகிறது, அதற்குப் பின்னாலுள்ள தொடரோடு யூ7 ஆர்.என்.ஏ. இணை சேருகிறது. வெட்டுவது மட்டும் அதே சி.பி.எஸ்.எஃப்.73தான், வெட்டிய பின் அடினின் சேர்ப்பதில்லை.