மறுமொழி: தேன்பனியா, தேன்கழிவா, பிசுக்கா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டுச்செடிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி எனச் செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. அவை வெளியேற்றும் சர்க்கரைநீருக்குப் பெயர் வைக்கத்தான் நான்கு நாளாகத் திண்டாடுகிறோம்.

> தேன்பனி என்பதே அழகு. ஆங்கிலச் சொல்லும் (honeydew) அதுதானே.

அழகுதான் ஐயா. ஆனால் அது தேனும் இல்லை, பனியும் இல்லை. செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அந்தக் குறைவான சத்துக்காகப் பூச்சி ஓயாமல் உறிஞ்சுகிறது. மிஞ்சிய சர்க்கரை பின்வழியே சொட்டுகிறது. தேன்பனி என்று படிப்பவர் பூவைத்தான் பார்ப்பார். பார்க்க வேண்டியதோ மேலிலையின் அடிப்பக்கம். என் ரப்பர் செடியில் கீழிலை பளபளவென்று இருந்தது, தொட்டால் விரல் ஒட்டியது. அதையே ஒரு மாதம் துடைத்தேன். இரண்டு இலை தள்ளி மேலே, நடுநரம்பை ஒட்டிப் பழுப்புச் செதில்பூச்சிகள் வரிசையாக இருந்தன. நகத்தால் சுரண்டி, சோப்புநீரால் வாரம் ஒருமுறை துடைத்த பிறகே ஒட்டல் நின்றது.

> தேன்கழிவு: தேன் போன்ற கழிவு, உவமைத்தொகை. இலக்கணம் பொருந்துகிறது.

ஆறாம் வேற்றுமைத்தொகையாகவும் விரியுமே அம்மா! தேனை வடித்தபின் எஞ்சும் சக்கை என்று மாணவர் எழுதினால் எப்படித் தவறென்பது?

> அசுவினி என்ற சொல்லின் வேர் சங்க இலக்கிய அசுணம்தான்.

யாழிசைக்கு மயங்குவதாகப் பாடப்படும் உயிரினமான அசுணத்தை ஒலி ஒற்றுமை ஒன்றை மட்டும் வைத்துச் செடிப்பூச்சியோடு சேர்க்க முடியாது. தனி இழையில் பேசலாம், எனக்கும் ஆசைதான்.

என் பரிந்துரை இன்னும் ‘பூச்சிப்பிசுக்கு’தான். எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்ட கை எதுவும் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்காது. அடுக்களைச் சொல் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

> தேனீக்கள் இதையும் எடுத்துத் தேனாக்குகின்றன. அதைப் ‘பிசுக்குத்தேன்’ என்பீர்களா?

இது வலுவான கேள்வி. தேனீ வளர்ப்பு நூலுக்குத் தேன்பனியே பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். செடி வளர்ப்பவருக்கோ இது எறும்பை வரவழைப்பது, கரும்பூசணம் படர இடம் கொடுப்பது. அங்கே பிசுக்குதான் கண்ணைத் திறக்கும்.

இதுவரை ஐந்து பேர் பிசுக்குக்கு, இருவர் தேன்பனிக்கு. ஒருவர் இரண்டுமே வேண்டாம் என்கிறார். முதல் இடத்தில் மட்டும் ‘பூச்சிப்பிசுக்கு (தேன்பனி)’ என்று போட்டுவிட்டு, அப்புறம் பிசுக்கு என்றே தொடர்கிறேன். மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.