உமிச் சாம்பல் சிலிக்கா: துளைகள் நசுங்காமல் உலர்த்துவது எப்படி?

வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக நெல் உமியிலிருந்து நுண்துளை சிலிக்கா (சிலிக்கன் டைஆக்சைடு) எடுக்கிறேன். உமியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவி (பொட்டாசியம் போனால்தான் சாம்பல் வெள்ளையாக வரும்) 600 டிகிரி செல்சியஸில் எரிக்கிறேன். அதிகச் சூட்டில் படிகமாகிவிட்டால் அப்புறம் காரத்தில் லேசில் கரையாது. சாம்பலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, வடிகட்டி, அமிலம் விட்டு பிஎச் 7-க்குக் கொண்டுவந்தால் அருமையான ஜெல் கிடைக்கிறது.

சிக்கல் உலர்த்துவதில்தான். சூட்டடுப்பில் (ஓவன்) வைத்தால் நீரின் பரப்பு இழுவிசை துளைகளை நசுக்கிவிடுகிறது. ஜெல் சுருங்கிக் கல்கண்டு மாதிரி ஆகிறது. மீமாறுநிலை உலர்த்தி (பரப்பு இழுவிசையே எழாத அழுத்தம், வெப்பநிலையில் உலர்த்தும் கருவி) எங்கள் துறையில் இல்லை. தண்ணீரை எத்தனாலாலும் பிறகு ஹெக்சேனாலும் மாற்றி, துளைச் சுவர்களை நீர் ஒட்டாதபடி மாற்றும் ட்ரைமெத்தில்குளோரோசிலேன் சேர்த்துச் சாதாரண அழுத்தத்தில் உலர்த்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள்? குறைந்த கட்டணத்தில் பிஇடி அளவீடு (நுண்துளைப் பொருளின் பரப்பளவை அளக்கும் சோதனை) செய்துதரும் ஆய்வகம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.