விசில் எப்ப ஊத வேணும்?

குழு: எங்கட குடும்பம் (ஸ்காபரோ, மொன்றியல், எட்மன்டன்)
வியாழன், இரவு 8:14

மச்சான்: சனிக்கிழமை ஐஸ் ஹொக்கி சீனியர் ரெஃபரிமாருக்கு ரூல் வகுப்பு. என்.எச்.எல். (வட அமெரிக்காவின்ர பெரிய ஹொக்கி லீக்) ரூல் புத்தகத்தில இருந்து கேள்வி எடுத்து வைச்சிருக்கிறன். இதைப் பாருங்கோ. வெள்ளை ரீமில ஒருத்தன் ஏற்கெனவே ரெண்டு நிமிச மைனர் பெனல்டியில பெனல்டி பெட்டிக்குள்ள இருக்கிறான். இன்னொரு வெள்ளைக்காரன் எதிராளியை இடறி விழுத்த, பெனல்டி எண்டு ரெஃபரி கையைத் தூக்கிட்டார். விசில் ஊத முதல் நீலம் கோல் போடுது. இப்ப ஆர் வெளிய வாறது, ஆர் உள்ள போறது?

தங்கச்சி: கோல் விழுந்தா கை தூக்கின பெனல்டி அழிஞ்சு போகும் தானே? சின்னவன்ர மட்ச்சில அப்பிடித்தான் பாத்தனான்.

நான்: கோலியைச் (கோல் காக்கிறவர்) சேர்க்காம அஞ்சுக்கு அஞ்சு விளையாடேக்க நீ சொல்லுறது சரி. இங்க வெள்ளை ஏற்கெனவே ஒரு ஆள் குறைவு. அதால உள்ளுக்க இருக்கிறவன்ர மைனர் தான் கோலோட முடியும், அவன் வெளிய வரலாம். கை தூக்கின பெனல்டி அழியாது. விழுத்தினவன் போய் இருக்க வேணும். வெள்ளை திரும்பவும் நாலு பேர் தான்.

மச்சான்: சரி. வருசக்கணக்கா விசில் பிடிச்ச ஆக்களே இதில ரெண்டையும் அழிச்சுப் போடுவினம். அந்த நேரம் ஸ்கோர் மேசையில இருக்கிறவர் உன்ர முகத்தைப் பாப்பார், ரெண்டு கோச்சும் கத்துவினம். அதுக்குள்ள நிண்டு யோசிக்க ஏலாது.

நான்: கூட ஒண்டு. அஞ்சுக்கு அஞ்சில, ஹை ஸ்டிக் (உயரத் தூக்கின ஸ்டிக்) பட்டு ரத்தம் வந்து டபிள் மைனருக்கு (ரெண்டு ரெண்டா நாலு நிமிசம்) கை தூக்கியிருந்தா, கோல் அதில ஒரு ரெண்டு நிமிசத்தைத் தான் அழிக்கும். மிச்ச ரெண்டு நிமிசம் இருக்க வேணும். மேஜர் (அஞ்சு நிமிசம்) எண்டா ஒண்டும் அழியாது.

மாமா: தம்பிமார், ஒரு காலத்தில எத்தினை கோல் போட்டாலும் மைனர் முடியிறேல்ல. 1955 நவம்பரில மொன்றியலின்ர ஜான் பெலிவோ பொஸ்டனுக்கு எதிரா 44 செக்கனில மூண்டு கோல் அடிச்சவர், எல்லாம் பவர் பிளேயில (எதிர் ரீம் ஆள் குறைவா நிக்கேக்க). மொன்றியல்காரர் இப்பிடி அடிச்சு நொறுக்கினதால தான் 1956இல ரூலை மாத்தினவை. நான் இங்க வந்த புதுசில ஃபக்டரியில ஒரு கிழவர் சாப்பாட்டு நேரம் முழுக்க இந்தக் கதை தான் சொல்லுவார்.

அம்மா: எனக்கு ஒண்டு விளங்கேல்ல மோனை. பிள்ளையை விழுத்தினவுடன விசில் ஊதாம ஏன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுறியள்?

நான்: விழுந்த பிள்ளையின்ர ரீமிட்டத் தான் அம்மா பக் (ஐஸில அடிக்கிற ரப்பர் வட்டு) இருக்கு. உடன ஊதினா அவையின்ர சான்ஸ் போயிடும், குற்றம் செய்தவைக்கு லாபம். குற்றம் செய்த ரீம் பக்கை எடுத்து வைச்சிருக்கேக்க தான் ஊதுறது. பிள்ளைக்குப் பெரிய காயம் எண்டு கண்டா அந்த இடத்திலயே நிப்பாட்டுவம்.

மச்சான்: மாமி கேட்டதில தான் முழு விசயமும் இருக்கு. பக் மேல பட்டது வேற, பக்கைக் கட்டுப்பாட்டுக்குள்ள எடுத்தது வேற. கோலியின்ர கால் காப்பில பட்டுத் தெறிச்சா விசில் இல்லை. கோலி அமத்திப் பிடிச்சா விசில். டிஃபென்ஸ்காரன்ர ஸ்டிக்கில உரசிப் போனா இல்லை. அவன் பக்கை நிப்பாட்டி ஆருக்குக் குடுக்கலாம் எண்டு பாத்தானோ, ஊது. வகுப்பில நான் அரைவாசி நேரத்தை இதுக்குத் தான் ஒதுக்கப் போறன்.

நான்: ஐலண்டர்ஸ் கோலி பில்லி சிமித் கதையையும் சொல்லு மச்சான், அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1979 நவம்பர் 28, டென்வரில. நியூயோர்க் ஐலண்டர்ஸுக்கு எதிராக் கை தூக்கியாச்சு. கொலராடோ ரொக்கீஸ் தங்கட கோலியை வெளிய எடுத்து ஆறாவது ஆளை விட்டிட்டினம். பக் சிமித்தில பட்டுத் திரும்புது. பட்டது மட்டும் தான், அதால விசில் இல்லை. கொலராடோவின்ர றொப் ரமேஜ் அதை எடுத்துப் பின்னுக்குப் பாஸ் குடுக்க, அங்க ஒருத்தரும் இல்லை. பக் ஐஸ் முழுக்க வழுக்கிக்கொண்டு போய்த் தங்கட வெறும் கோலுக்குள்ள விழுந்திட்டுது. கடைசியாத் தொட்ட ஐலண்டர் சிமித் எண்டபடியால் கோல் அவர்ர பேரில. என்.எச்.எல்.இல கோல் கணக்கு எழுதப்பட்ட முதல் கோலி அவர் தான்.

தங்கச்சி: குற்றம் செய்யாத ரீமுக்கு எதிரா கோலோ? அநியாயமா இருக்கே.

மச்சான்: தங்கட ஆளே நேர தங்கட கோலுக்குள்ள போட்டா கோல் கோல் தான் தங்கச்சி. கை தூக்கின பெனல்டியும் வழமை போல நடக்கும். ரெண்டையும் மேசைக்குத் தெளிவாச் சொல்ல வேணும்.

சித்தப்பா (எட்மன்டன்): கட்டுப்பாடு, தொடுறது எண்டு கதைக்கிறியள். அப்ப 2022 மே 31 எங்கட எட்மன்டனுக்கு எதிரா கொலராடோ அவலாஞ்சின்ர மகார் போட்ட கோல்? அவர்ர ரீம் ஆள் நிச்சுஷ்கின் இன்னும் உள்ளுக்க நிக்கேக்க பக் புளூ லைனை (எதிராளி பக்க எல்லைக்கோடு) தாண்டிட்டுது. நான் ரிவியில நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தனான். எனக்கு இண்டைக்கும் அது ஓஃப்சைட் தான்.

நான்: சித்தப்பா, ஆறுதலாக் கேளுங்கோ. பக் உள்ள போகேக்க ஆள் உள்ளுக்க நிண்டா அது டிலேய்ட் ஓஃப்சைட். லைன்ஸ்மன் கையைத் தூக்குவார், ஊதமாட்டார். உள்ளுக்க நிக்கிற ஆள் திரும்பி வந்து லைனைத் தொடும் வரைக்கும் அந்த ரீம் பக்கைத் தொடக் கூடாது, அவ்வளவு தான். மகார் பக்கை லைனுக்கு மேலால தள்ளிப்போட்டு ஸ்டிக்கை எடுத்திட்டார். பக் தன்பாட்டில வழுக்குது. நிச்சுஷ்கின்ர ஸ்கேட் லைனுக்கு வந்தாப் பிறகு தான் மகார்ர ஸ்டிக் திரும்பப் பட்டது. அந்தச் சின்ன இடைவெளியில தான் கோல் தப்பினது.

சித்தப்பா (எட்மன்டன்): கைக்கெட்டின தூரத்தில பக்கைத் தள்ளிக்கொண்டு போறவனுக்குக் கட்டுப்பாடு இல்லை எண்டுறியோ?

மச்சான்: உங்கட வாதத்தில பலம் இருக்கு சித்தப்பா. பக்கைக் கொண்டு உள்ள போறது எண்டு எடுத்தா உடன விசில் தான். அண்டைக்கு அதைத் தொடாம விட்ட பக் எண்டு எடுத்தவை. நானும் அப்பிடித்தான் எடுத்திருப்பன். ஏனெண்டா லைனில நிக்கிறவனுக்கு ஸ்டிக் பட்டுதோ இல்லையோ எண்டது கண்ணுக்குத் தெரியும். மனசில கட்டுப்பாடு இருந்ததோ எண்டு தெரியாது.

சித்தப்பா (எட்மன்டன்): எட்மன்டன் சலஞ்ச் பண்ணி (கோலைத் திருப்பிப் பாக்கச் சொல்லி) தோத்ததுக்கு ரெண்டு நிமிச பெனல்டியும் வாங்கி, அதிலயும் கொலராடோவின்ர கத்ரி கோல் போட்டவர். கடைசியில கொலராடோ 8–6.

மாமா: 1999 ஜூனில பஃபலோக்காரர் பட்டதைவிட இது பரவாயில்லை. ஸ்டான்லி கப் ஃபைனலில ஆறாவது மட்ச், மூண்டாவது ஓவர்டைம். டல்லஸின்ர பிரெட் ஹல் கோல் போடேக்க கால் கிரீஸுக்குள்ள (கோலிக்கு முன்னால கோடு போட்ட இடம்). அந்த வருசம் முழுக்க அப்பிடிப் போட்ட கோல்களை வெட்டிக்கொண்டு வந்தவை.

மச்சான்: அதிலயும் இதே கதை தான் மாமா. ஹல் பக்கைக் காலால தட்டி ஸ்டிக்குக்கு எடுத்தவர், கட்டுப்பாடு விடுபடேல்ல, அதால கால் உள்ளுக்க இருக்கலாம் எண்டு லீக் சொன்னது. அடுத்த சீசனே அந்தக் கிரீஸ் ரூலைத் தூக்கிட்டினம்.

தங்கச்சி: ஓஃப்சைட்டில, ஸ்கேட் ஐஸில முட்டாம லைனுக்கு மேல அந்தரத்தில நிண்டா?

நான்: நல்ல கேள்வி. 2020–21 சீசனில இருந்து என்.எச்.எல்.இல அது ஓஃப்சைட் இல்லை. லைனை நேர மேல சுவர் மாதிரி எழுப்பிப் பார், ஸ்கேட் அதில பட்டாக் காணும். முந்தி ஐஸில முட்ட வேணும். மச்சான், இதைக் கட்டாயம் போடு, பழைய ஆக்களுக்கு பழைய பழக்கம் போகாது. ஹை ஸ்டிக்கையும் சேர். கோல் எண்டா ஸ்டிக் பக்கில பட்ட இடத்தைக் குறுக்குக் கம்பியோட பாக்க வேணும், நாலடி. சும்மா பக்கை அடிச்சு விழுத்தினா தோளோட பாக்க வேணும். நெட்டை ஆள் ஒருத்தன் சட்டப்படி விழுத்துற உயரத்தில கோல் போட்டா அது கோல் இல்லை.

மச்சான்: போட்டாச்சு. எங்கட மைனர் ஹொக்கிக்கு (சின்னப் பிள்ளையளின்ர ஹொக்கி) ஹொக்கி கனடா புத்தகம் வேற எண்டும் முதல் பக்கத்திலயே எழுதியிருக்கிறன். கடைசிக் கேள்வி, தங்கச்சி சொல்லட்டும். ஒருத்தனுக்கு ஒரே நேரத்தில ஒரு மேஜரும் ஒரு மைனரும், மற்றப் பக்கம் ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. மூண்டாவது நிமிசத்தில எதிர் ரீம் கோல் போடுது. என்ன முடியும்?

தங்கச்சி: மைனர் முடியும்?

மச்சான்: இல்லை. மேஜர் தான் முதல் ஓடுது, மைனர் இன்னும் துவங்கவே இல்லை. துவங்காததை முடிக்க ஏலாது. மணிக்கூட்டில ஒண்டும் மாறாது, நடுவில ஃபேஸ்-ஓஃப் (பக்கைப் போட்டுத் திரும்பத் துவங்கிறது).