யூடியூபில் ஓடும் வீடியோ சப்டைட்டில் தளத்தில் மட்டும் ஓடவில்லை

கேள்வி: காது கேளாத என் தம்பிக்காக ஓர் அறிவியல் வீடியோவுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுத ஆரம்பித்தேன். யூடியூபில் நன்றாக ஓடுகிறது, ஆனால் அதே இணைப்பைச் சப்டைட்டில் எழுதும் தளத்தில் போட்டால் கறுப்புத் திரையும் 'வீடியோ கிடைக்கவில்லை' என்ற வரியும்தான் வருகிறது. பிரவுசரை மாற்றினேன், கேஷை அழித்தேன், பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1: பிரவுசரில் கோளாறு இல்லைங்க. பிழை எண் 101 அல்லது 150 என்று வந்தால், சேனல்காரர் வேறு தளங்களில் ஓட அனுமதிக்கவில்லை என்று பொருள். யூடியூப் ஸ்டுடியோவில் (சேனல்காரர் தன் வீடியோக்களை நிர்வகிக்கும் பக்கம்) அந்த வீடியோவுக்கு எம்பெடிங் அனுமதிக்கு, அதாவது வேறு தளங்களில் பதித்து ஓடவிடுவதற்கு, ஒரு டிக் உண்டு, அதை அவர்தான் போட முடியும். வயதுக் கட்டுப்பாடு உள்ள வீடியோவும் பெரும்பாலான வெளித்தளங்களில் ஓடாது.

பதில் 2: டிக் போட அவருக்கு விருப்பமில்லை என்றாலும் வழி இருக்கிறது. பார்வையாளர்களே சப்டைட்டில் சேர்க்கும் வசதி 2020 செப்டம்பரோடு நின்றுவிட்டது, ஆனால் சேனல்காரர் உங்களுக்குச் சப்டைட்டில் எடிட்டர் அனுமதி தரலாம். இல்லையென்றால் நேரக்குறிப்போடு எஸ்ஆர்டி கோப்பாக (சப்டைட்டிலுக்கான எளிய எழுத்துக் கோப்பு) எழுதி அனுப்புங்கள், அவரே ஏற்றிக்கொள்வார். தம்பிக்காக என்று சொல்லிக் கேளுங்கள்.

கேட்டவர்: 150தான் வந்தது! சரி, இன்றே அவருக்கு எழுதுகிறேன். இருவருக்கும் ரொம்ப நன்றி.